பாரன் தீவுப் பையில் லம்பா லைன் கல்

என் அன்பு அப்பா,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. நேரில் சொல்லத் துணிவில்லாததை இப்போது எழுதுகிறேன். கோழைக்குக் கடிதம்தான் வசதி, எதிரே முகம் இருக்காது.

பாரன் தீவு மறுபடியும் புகைகிறதாம், டிவியில் காட்டினார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் தூங்கிய எரிமலை 1991இல் விழித்துக்கொண்டதையும், ஆராய வந்த பெரிய சாருக்குக் கல் சுமக்க நீங்கள் படகேறியதையும் நினைத்துக்கொண்டேன். "மேல தெரியிறது தலை மட்டுந்தான் புள்ள. ஒடம்பு பூரா தண்ணிக்குள்ள. சுத்தி நிக்கிறது பழைய மலையோட மதிலு, நடுவுல பொகையிறதுதான் புதுசு" என்பீர்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருப்பதைப் பார்த்துச் சாரே வியந்தாராம்.

பள்ளியில் இதைச் சொன்னால் ஒருத்தியும் நம்பவில்லை. "ஜூட்டி, ஜூட்டி" என்று இந்தியில் பொய்க்காரிப் பட்டம் கட்டினார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த பயணம் முடிந்து, அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டிய, கல் நிரப்பிய துணிப்பைகள் ஒரு ராத்திரி லம்பா லைன் குடியிருப்பில் நம் வீட்டில் இருந்தன. காலையில் நீங்கள் குளிக்கப் போனதும் ஒன்றைப் பிரித்தேன். தீக்குழம்பு உறைந்த கறுப்புக் கல், உடம்பெல்லாம் துளை. பள்ளியில் காட்ட அதை எடுத்துக்கொண்டு, பை இளைத்துவிடக் கூடாதே என்று வாசலில் கிடந்த சாம்பல் நிறக் கல்லைப் போட்டுக் கட்டினேன். பதினோரு வயதில் அவ்வளவு புத்தி.

எரிமலைக் கல்லோடு மணற்கல் எப்படி வரும்? சாருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நீங்கள் கல்லைத் தொலைத்துவிட்டு, வேறொன்றை வைத்து ஏமாற்றியதாக முடிவுகட்டினார். அதற்கப்புறம் உங்களைப் படகில் ஏற்றவில்லை. நீங்கள் ரோடு வேலைக்குப் போனீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட நீங்கள் வகுப்புக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? அலமாரியில் அந்தக் கல், கீழே என் பெயர். நீங்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "நல்லாருக்கு டீச்சர்" என்று மட்டும் சொன்னீர்கள். ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா அப்பா?

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தச் சார் வந்திருந்தார். தள்ளாத வயது. "நல்ல மனுஷன்மா. அந்த ஒரு தடவதான் ஏமாத்திட்டாரு. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றார்.

"ரொம்ப நன்றி சார்" என்றேன். உங்கள் சார்பில் நன்றி சொன்னேன். வெட்கமாக இருக்கிறது அப்பா.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், இது சத்தியம். அம்மாவையும் கூட்டிப்போகிறேன். நீங்கள் ஏமாற்றியதாகத்தான் அவளும் இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் கடைசிவரை காட்டிக்கொடுக்காத மகள்,
செல்வி