சுயம்பு என்று நான் சொன்ன இரும்பு

திங்கள், ஜூலை 14

காலையிலிருந்தே வெயில். புகைமூட்டம் வேறு. காய்ந்த துணியிலும் கருகல் வாசம். பி.பி. மாத்திரை இரண்டுதான் மிச்சம்.

வெள்ளி வந்தால் ஆடி முதல் வெள்ளி. வாங்க வேண்டியவை:
– கேழ்வரகு மாவு 10 கிலோ
– சின்ன வெங்காயம், மோர் மிளகாய்
– அகல் 108 (கோயிலில் 40 இருக்கு, மீதி மட்டும்)
– சுயம்புவுக்குப் புது மஞ்சள் துணி

கவிதா வந்தாள். இறந்துபோன அண்ணன் மகள். புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் இரும்புச் சாமான்களை அளந்து பார்த்து சரி, தப்பு சொல்கிற வேலை. நேற்று கோயிலில் சுயம்புவைப் பார்த்ததிலிருந்து அவள் முகமே சரியில்லை. இன்று லீவு போட்டு வந்திருக்கிறாள்.

"அத்த, அத ஒருவாட்டி அளந்துக்கிறேன்."

"சாமிய அளப்பாங்களாடி?"

"சாமியா இருந்தா கோச்சுக்காது லா."

நான் ரவிக்கை தைக்கிற டேப்தான். சுற்றளவு 40 செ.மீ. எடை மிஷினைக் கோயிலுக்கே தூக்கிப்போனோம். முதலில் நான் மட்டும் ஏறினேன், பிறகு சுயம்புவை ஏந்திக்கொண்டு ஏறினேன், கழித்தாள். 5.6 கிலோ. என் எடை 81. அதற்குக்கூட அவள் கேலி செய்யவில்லை.

போனில் கணக்குப் போட்டாள். முழு இரும்பாக இருந்தால் ஏழே முக்கால் கிலோவாவது வரணுமாம்.

"உள்ள கூடு மாதிரி காலியா இருக்கு அத்த. மேல ஓட்ட யாரு போட்டது?"

"யாரும் போடல. தூந்து கெடந்திச்சி. நான் சுத்தம் பண்ணேன்."

"எதால?"

"கொண்ட ஊசியால."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன், நாளைக்கு யாராவது கேட்டால் வாய் குளறக்கூடாது. மார்ச் மாதம் கோயில் மண்டபத்துக்குப் புதுத் தூண் நட வீட்டுக்காரரும் இரண்டு பேரும் குழி தோண்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் இந்த உருண்டை. நான் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன். துருவும் மண்ணுமாக, ஆனாலும் அவ்வளவு உருண்டை. எனக்கு உடம்பு ஆடிவிட்டது. "அம்மா சுயம்புவா வந்துட்டா" என்று விழுந்து கும்பிட்டேன். எல்லாரும் கும்பிட்டார்கள். அன்றிலிருந்து அபிஷேகம், சந்தனம், சூடம் எல்லாம் என் கையால்தான். ஓட்டையில் மக்கிப்போன மரம் அடைத்துக் கிடந்தது. நோண்டி எடுத்தேன். பின்னாலேயே கறுப்பாகப் பொடி வந்தது. கறுப்பு மை, திருஷ்டிக்கு அம்மா கொடுத்தது என்று நினைத்தேன். பொட்டலம் கட்டிப் பதினைந்து வீட்டுக்குக் கொடுத்தேன், எண்ணெய் விட்டுக் குழைத்துப் பிள்ளைகளுக்குப் பொட்டு வையுங்கள் என்று.

காலியான ஓட்டையில் தினமும் காலையும் மாலையும் மூன்று ஊதுவத்தி.

செவ்வாய், ஜூலை 15

வெயில். வாய் கசப்பு.

கவிதா நேற்றே படம் எடுத்து மியூசியத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். மலாய்க்காரம்மா, நிதானமான குரல். இன்று பத்து மணிக்குக் கூப்பிட்டார். ஒன்றொன்றாகக் கேட்டார், நான் சொன்னேன்:

நடுவில் சுற்றி வரி இருக்கிறதா? – இருக்கிறது. (அதை அம்மாவின் ஒட்டியாணம் என்று ஊருக்கே சொல்லியிருக்கிறேன். அச்சு இரண்டு பாதி சேர்ந்த இடமாம்.)

ஓட்டைக்குள் மரை இருக்கிறதா, திருகாணி போடுகிற மாதிரி? – இல்லை. வழவழப்பு.

என்ன அடைத்திருந்தது? – மரம்.

அந்த மரம் எங்கே? – குப்பையில்.

பிறகு அவர் சொன்னதைக் கவிதா தமிழில் சொன்னாள். இந்தப் பக்கம் மலாவத்தி மலைக் கோட்டையை ஒட்டி எடுக்கிற குண்டு பெரும்பாலும் கெட்டி இரும்பு, அதனால் ஆபத்தில்லை. இது அந்த ரகம் இல்லை. உள்ளே வெடிமருந்து போட்டு மரத்தக்கை அடித்தது. தக்கைக்கு நடுவில் திரி. பீரங்கியில் சுடும்போது திரி பற்றி, பறந்துகொண்டே எரிந்து, விழுந்த இடத்தில் வெடிக்கும். இது வெடிக்காமல் மண்ணுக்குள் போயிருக்கிறது. மரையும் இல்லை, தக்கையும் மரம் என்பதால் நூற்றைம்பது வருஷத்துக்குக் குறையாது. டச்சுக்காரனுடையதா, பின்னால் வந்த வெள்ளைக்காரக் கப்பலுடையதா என்பது கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

"நீங்க ஊதுவத்தி வச்சீங்களே அத்த, அந்த ஓட்டதான் நெருப்பு உள்ள போற வழி."

இத்தனை வருஷம் ஆனது வெடிக்குமா என்று கேட்கச் சொன்னேன். மருந்து ஈரமாக இருந்தால் வெடிக்காமலும் போகலாம், காய்ந்திருந்தால் வயதெல்லாம் பார்க்காது என்றார். தொடாதீர்கள், நெருப்பைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள்.

காய்ந்துதான் இருக்கும். நான்கு மாதமாகத் துடைத்துத் துடைத்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்தது நான்தானே.

எத்தனை ஊதுவத்தி என்று எண்ண ஆரம்பித்தேன். நூற்றுக்கு மேல் எண்ண முடியவில்லை. கையை நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வாசம் போகவில்லை. அது சந்தன வாசம்தான், தெரியும். ஆனாலும்.

மாலை பூசைக்குத் தலைசுற்றல், வரவில்லை என்று சொல்லியனுப்பினேன். கோயில் தலைவர் சம்சாரம் போன் பண்ணி, "நீங்க படுங்கக்கா, நானே சூடம் ஏத்திடுறேன்" என்றாள். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். தீப்பெட்டியைக் கையிலிருந்து பிடுங்கினேன். வெள்ளி வரை நெருப்பு ஆகாது என்று அம்மா கனவில் சொன்னாள் என்றேன். பொய். அம்மன் முன்னாலேயே பொய்.

புதன், ஜூலை 16

மேகம். மழை இல்லை. இவர் மாத்திரை வாங்கி வந்தார், நல்லவேளை.

இவரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழக்குலை லோரி ஓட்டியவர், எதற்கும் அசையாதவர். சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "தலைவர்ட்ட சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

கோயில் தலைவர் தங்கராஜ் வீட்டுக்குக் கவிதாவோடு போனேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"செல்லம்மாக்கா, நாலு மாசம் முன்ன சாமின்னு ஆடினது நீங்க. இப்ப பொம்ங்குறதும் நீங்க. அடுத்த மாசம் என்னா சொல்வீங்க, தேங்கான்னா?"

அவர் மகன்களும் சிரித்தார்கள். எனக்கு அழுகை. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. வாசல் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"கோயில் நிக்கிறது எஸ்டேட் நெலம். காலி பண்ணச் சொல்லி ரெண்டு தடவ கடிதம் வந்திருச்சி. போலீஸ் வந்து கயிறு கட்டிட்டான்னு வைங்க, அதையே காரணமா காட்டி திரும்ப உள்ள விட மாட்டானுங்க. உங்க மாமனாரு கட்டுன கோயிலு இது, அக்கா."

"வெடிச்சா அண்ணே?"

"இத்தன நாளா வெடிக்காதது ரெண்டு நாள்ல வெடிக்குமா? வெள்ளிக்கெழம முடியட்டும். சனிக்கெழம நானே கொண்டுபோயி ஆத்துல போட்டுடுறேன்."

கவிதா, "மாமா, வெள்ளிக்கெழம அத சுத்தி நூத்தியெட்டு வெளக்கு ஏத்தப்போறீங்க" என்றாள்.

"தள்ளி வைக்கிறோம்மா."

எவ்வளவு தள்ளி என்று அவள் கேட்டாள். அவர் கையை விரித்துக் காட்டினார். ஒரு முழம்.

கவிதா நானே போலீசுக்குச் சொல்கிறேன் என்று குதித்தாள். ஒரு நாள் பொறு என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். ஏன் கெஞ்சினேன்? கோயிலுக்காக என்று சொன்னேன். எனக்காகவும்தான். இனி இந்த லயத்து வீடுகளில் யார் என்னை மதிப்பார்கள்.

இன்னொரு பயம் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா நிஜமாகவே அதில் இருந்தால் காட்டிக்கொடுத்த பாவம். இல்லாவிட்டால் ஊரையே இரும்பைக் கும்பிட வைத்த பாவம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான்.

இரவு கூட்டுப் பிரார்த்தனை. போகவில்லை.

வியாழன், ஜூலை 17

ஆடி பிறந்தது. வாசலில் மாக்கோலம் போடக் கை வரவில்லை. ஆறு புள்ளியோடு நிறுத்திவிட்டேன்.

பொட்டலங்களையாவது முதலில் திரும்ப வாங்குவோம் என்று வீடு வீடாகப் போனேன். சொன்ன காரணம்: ஆடி வெள்ளிக்கு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பூசை பண்ணித் தருகிறேன். இன்னொரு பொய்.

முதல் வரிசை ஆறு வீடு – ஆறும் வந்தது
இரண்டாவது வரிசை – ஐந்து
கடைக்கார அம்மா – வந்தது. அடுப்புக்கு மேல் ஷெல்பில் வைத்திருந்தாள்!
தலைவர் வீடு – வந்தது
எங்கள் வீடு – நானே எடுத்தேன்
பக்கத்து வீட்டு முனியம்மா – இல்லை

எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் போட்டேன். கவிதா சொன்னபடி.

முனியம்மா தன் பொட்டலத்தைக் கலும்பாங்கில் இருக்கும் மகள் சாந்திக்குக் கொடுத்துவிட்டாளாம். சாந்திக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. உடனே போன் போட்டேன்.

"ஐயோ சின்னம்மா, நானே உங்களுக்கு போன் அடிக்கணும்னு இருந்தேன். போன வெள்ளிக்கெழம அந்த மைய வெளக்குல ஒரு சிட்டிக போட்டேன். பொசுக்குனு எரிஞ்சிச்சி பாருங்க, இம்மாம் உசரம்! வெள்ளையா பொக. அம்மா வந்துட்டாங்கன்னு நானும் மாமியாரும் அப்படியே கன்னத்துல போட்டுக்கிட்டோம்."

"புள்ள எங்கடி இருந்திச்சி?"

"மடியிலதான். ஒண்ணும் ஆகல. என் புருவம் மட்டும் லேசா பொசுங்கிருச்சி. மிச்சத்த நாளைக்கு முழுசா போடலாம்னு இருக்கோம்."

என்ன கத்தினேன் என்று நினைவில்லை. தண்ணியில் போடு, இப்பவே போடு, போனை வைக்காதே, போட்டுவிட்டுச் சொல் என்று. குழாய்ச் சத்தம் கேட்டது. "போட்டுட்டேன் சின்னம்மா" என்று அவள் அழ ஆரம்பித்தாள். அதற்கப்புறம்தான் மூச்சு விட்டேன்.

அதுவரை உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. வெறும் மண்ணாக, துருவாக இருக்கும், கவிதா கணக்கில் தப்பு வந்திருக்கும் என்று. இனி அது இல்லை. ஒரு சிட்டிகை இம்மாம் உயரம். உள்ளே எத்தனை சிட்டிகை?

தலைவரைக் கேட்கவில்லை. இவரிடமும் கேட்கவில்லை. மாலை நாலே கால் மணிக்கு நானே போலீசுக்குப் போன் பண்ணினேன். எனக்குத் தெரிந்த மலாயில். பெயர் என்ன என்றார்கள். செல்லம்மா என்று இரண்டு தடவை சொன்னேன்.

வெள்ளி, ஜூலை 18

லேசான தூறல், உடனே நின்றது.

நேற்றே ஸ்டேஷனிலிருந்து வந்து கயிறு கட்டிக் காவல் போட்டார்கள். இன்று காலை ஏழரைக்கு வெடிகுண்டுக்காரர்கள். மியூசியம் அம்மாவும் வந்தார். எல்லாரையும் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, கூழ்ப் பானையோடு, வேப்பிலையோடு ஊரே ரோட்டோரம். நாலைந்து பிள்ளைகளுக்கு வேடிக்கை. மற்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல்தான் பேசினார்கள்.

"ஆடி மொத வெள்ளில அம்மாவ போலீஸ்ல புடிச்சிக் குடுத்தா வெளங்குமா?"

"ஆடுனப்ப தெரியலையாமா இரும்புன்னு?"

முனியம்மா மட்டும் வந்து பக்கத்தில் நின்றாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மண்மூட்டை சுற்றிய பெட்டியில் வைத்துச் செம்பனைத் தோப்புக்குள் கொண்டுபோனார்கள். சந்தனம்கூடத் துடைக்கவில்லை. மனசுக்குள் தாலாட்டு மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தேன், அம்மா மன்னிச்சிரு, மன்னிச்சிரு.

பத்தே முக்காலுக்குச் சத்தம். காதில் இல்லை, பாதத்தில் கேட்டது. காக்காயெல்லாம் ஒன்றாகக் கிளம்பின. கூழ்ப் பானை ஒன்று உடைந்தது. யாரோ பயந்து கையை விட்டுவிட்டார்கள். ரோட்டில் கூழ்.

அதற்கப்புறம் யாரும் என்னைப் பற்றிப் பேசவில்லை. தலைவர் தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மியூசியம் அம்மா ஒரு சில்லைத் துணியில் சுற்றிக் காட்டினார். விரல் தடிமன் ஓடு. இனி அதன் வயதைச் சரியாகச் சொல்ல முடியும் என்றார். தக்கை மரம் கிடைத்திருந்தால் இன்னும் சுலபம் என்று சொல்லி என் தோளைத் தட்டினார். கோபமாக இல்லை.

போலீஸ் அதிகாரி கேட்டார்: கிடைத்தது இது ஒன்றுதானா? தலைவர் ஒன்றுதான் என்றார். இவரும் ஒன்றுதான் என்றார். பேப்பரில் எழுதிக்கொண்டு, வேறு ஏதாவது தெரிந்தால் கூப்பிடுங்கள் என்று அதிகாரி என்னிடம் ஒரு நம்பர் கொடுத்தார். மதியம் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். கோயிலை மூடவில்லை. நாளை மாலை விட்டுப்போன விளக்குப் பூசையை நடத்தலாம் என்று தலைவர் சொன்னார்.

வந்து படுத்தேன். மூன்று நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினேன்.

சனி, ஜூலை 19

வெயில் கொளுத்துகிறது.

காலைப் பசியாற உட்கார்ந்தோம். இவர் தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிர சாப்பிடவில்லை. என்னங்க என்றேன்.

"ஒண்ணு சொல்லணும். சத்தம் போடாத."

சொன்னார். தூண் குழியில் உருண்டையை எடுத்த பிறகு ஆழம் போதுமா என்று கடப்பாரையை இன்னும் கீழே இறக்கிப் பார்த்தாராம். டங்கென்று கேட்டதாம். கொஞ்சம் தள்ளிக் குத்தினால் அங்கேயும் டங்.

"கல்லுன்னு நெனச்சோம். சிமெண்ட ஊத்திட்டோம்."

"நேத்து ஏங்க சொல்லல?"

"கோயில தோண்டிருவானுங்க செல்லம்மா. எங்கப்பா கட்டுனது."

தூணுக்கு அடியில். அந்தத் தூணைச் சுற்றித்தான் இன்று மாலை நூற்றெட்டு விளக்கு. முதல் வரிசையில் பிள்ளைகள்.

கல்லாகவும் இருக்கலாம். இங்கே ஏது அவ்வளவு பெரிய கல், எல்லாம் களிமண். மண்ணுக்குள் ஈரமாக இருக்கும், வெடிக்காது. வெடிக்காது என்று நேற்றுவரை அதையும்தான் சொன்னோம்.

மணி பதினொன்று பத்து. இவர் எதிரிலேயே உட்கார்ந்து போன் இருக்கும் என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிடுங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதிகாரி கொடுத்த நம்பரை அழுத்திவிட்டேன். மணி போகிறது. எடுத்துவிட்டார்கள்