பல்லழகனின் உறுமல்

ஜனவரி 11

கிடைத்துவிட்டது. மூன்று பல்!

மூடப்போகிற பொம்மைக் கடையின் பின்னறையில், உடைந்த சாமான்களைக் கொட்டி வைத்திருந்த கூடைக்குள் கையை விட்டேன். தகரக் கால் ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுக்கும் முன்பே யார் என்று தெரிந்துவிட்டது. பல்லழகன்.

சாவி கொடுத்தால் நடக்கும் தகரப் பூதத்துக்கு, பூதச் சாமான் சேர்க்கிற எங்கள் சங்கம் வைத்த செல்லப்பெயர் அது. பச்சை உடம்பு, திறந்து மூடும் வாய், வாய்க்குள் ஒரே பட்டையாகப் பிளாஸ்டிக் பல்வரிசை. என்னிடம் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். இதுவரை யாரும் பார்த்த பல்லழகன் எல்லோருக்கும் மேலே நான்கு பல். இவனுக்கு மூன்று.

"அது உடைஞ்சதும்மா, சும்மா எடுத்துக்கோங்க" என்றார் கடைக்காரர். சும்மாவாம்! முகத்தை எப்படி வைத்துக்கொண்டேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பூதப் பத்திரிகைக் கட்டைப் பிரித்தேன். பின்னட்டையில் பல்லழகனின் முதல் விளம்பரம். படத்தில் எண்ணிப் பார்த்தேன். மூன்று பல்! அப்படியென்றால் இவன் முதல் அச்சு. அதற்குப் பிறகுதான் அச்சை மாற்றி நான்காக்கியிருக்கிறார்கள். நான் தினமும் மனிதர்களுக்குப் பல் செட் செய்கிறவள். பல் விஷயத்தில் என்னை ஏமாற்ற இன்னொருத்தி பிறந்து வரவேண்டும்.

என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னொரு ஆளா? இதுங்களுக்கு ரேஷன் கார்டு வாங்கணும் போலிருக்கே." லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷனுக்கு என்ன தெரியும்.

ஜனவரி 13

அழுக்கைத் துடைக்கவில்லை. துடைக்கக் கை பரபரக்கிறது. ஆனால் கிடைத்ததைக் கிடைத்தபடியே சங்கத்துக்குக் காட்ட வேண்டும், இது எங்கள் சட்டம். துடைத்தால் பாதிச் சாட்சி போய்விடும்.

ஜனவரி 19

இன்று சங்கக் கூட்டம். வழக்கம்போல் நடன வகுப்புக் கூடம்தான். சுவர் முழுக்கக் கண்ணாடி. மேசையில் ஒரு ரப்பர் முகமூடி வைத்தால் அறையில் நாலு தெரியும். சுவிங்கம் பாக்கெட்டோடு வந்த பூத அட்டைகள், இருட்டில் ஒளிரும் கை, வெளவால் வடிவச் சோப்பு என்று ஆளுக்கொன்று கொண்டு வந்திருந்தார்கள். நான் கடைசியில் மெதுவாகத் துணியை விலக்கினேன். பக்கத்தில் அந்தப் பழைய விளம்பரத்தையும் வைத்தேன்.

சங்கத்தில் எது அசல் எது போலி என்று சொல்கிறவள் நான்தான். நான் சொன்னால் சொன்னதுதான். ஆனால் பெட்டிக்காரர் இருக்கிறாரே! சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் ஊரார் பெட்டியைத் திறந்து பார்த்த மனுஷன், தான் வாங்கிய ஒரு பொம்மைப் பெட்டியைக்கூடத் திறந்ததில்லை. எல்லாம் கம்பெனி ஒட்டிய நாடாவோடு, அப்படியே அடுக்கில். அதனால்தான் அந்தப் பெயர்.

அவரிடம் ஒரு பல்லழகன் இருக்கிறான். பிரிக்காத ஒரே பல்லழகன் அவன்தான். பெட்டி மேல் "வீடே அதிரும் உறுமல்!" என்று அச்சிட்டிருக்கும். வயிற்றுக்குள் காகிதத் துருத்தி ஒன்று உண்டு, அது ஊதித்தான் சத்தம் வரும். மற்ற எல்லாருடையதிலும் துருத்தி கிழிந்துவிட்டது. எங்கள் பல்லழகன்கள் எல்லாரும் ஊமை. அந்த உறுமலைக் கேட்டவர்கள் சங்கத்தில் யாருமே இல்லை.

எனக்கு அதைக் கேட்கணும். செத்துப் போறதுக்குள்ள ஒரு தடவையாவது கேட்டே ஆகணும்.

பெட்டிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மூணு பல்லா? விளம்பரத்துல எதையும் வரைவான் மேடம்."

"முதல் அச்சுன்னு அடுத்த கூட்டத்துல நிரூபிக்கிறேன் சார். நிரூபிச்சா உங்க பெட்டியைத் திறப்பீங்களா?"

வாய் தவறி வந்துவிட்டது. அவர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"திறக்கிறேன். நிரூபிக்கலேன்னா கண்காட்சியில நடு மேசை எனக்கு."

சங்கம் நடத்தும் கண்காட்சியில் நடு மேசை வருஷா வருஷம் என்னுடையது. போகட்டும், எப்படியும் நான்தானே ஜெயிக்கப் போகிறேன்.

ஜனவரி 27

தெருவில் போகும்போதே உறுமல் காதில் விழுகிறது. புலி மாதிரி இருக்குமோ? மரக்கதவு மாதிரியா? இவரிடம் கேட்டேன். "பழைய லிஃப்ட் மோட்டார் மாதிரி இருக்கும்" என்றார். எதைக் கேட்டாலும் லிஃப்ட்.

பிப்ரவரி 8

பல் செட் செய்யும் லேபில் இன்று வேலை குறைவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பல்லழகனை மேசையில் உட்கார வைத்தேன். பல்வரிசையை அச்செடுத்து, பிளாஸ்டரில் ஒன்று செய்து, கூட்டத்தில் கையில் கொடுத்துக் காட்டுவதாக யோசனை. வாயைத் திறந்து பிடித்து, அச்சுப் பசையை வைத்து, காய்ந்ததும் உரித்தேன். பசையோடு பழைய அழுக்கும் பட்டையாக உரிந்து வந்ததால் மறுபடி ஒரு அச்செடுத்தேன்.

பிளாஸ்டர் காய்ந்த பிறகு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.

நான்காவது பல் இருக்க வேண்டிய இடம் வழவழப்பாக இல்லை. ஒரு வெட்டு. வெட்டின் ஓரத்தில் மூன்று சின்னக் குழிகள், வரிசையாக.

புதிதாக முளைத்த முன்பல்லின் நுனியில் மூன்று சின்ன மேடுகள் இருக்கும். கடித்துக் கடித்து நாளாக ஆகத் தேய்ந்து சமமாகிவிடும். பல் விழுந்து முளைக்கிற வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அது.

ஐயோ. கடிச்சிருக்கு. எந்தப் பிள்ளையோ பூதத்தைக் கடிச்சிருக்கு!

முதல் அச்சும் இல்லை, மண்ணும் இல்லை. சாதாரண நாலு பல் பல்லழகன். ஒரு வாலுப் பிள்ளையின் வாயில் மாட்டியவன். படம் வரைந்தவர் மூன்று போட்டால் போதும் என்று விட்டிருப்பார், அவ்வளவுதான். துடைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்! சட்டமாம் சட்டம்.

பிப்ரவரி 9

யாருக்குத் தெரியும்? இந்தக் குழிகளைப் பார்த்துப் புரிந்துகொள்ள சங்கத்தில் வேறு ஆள் கிடையாது. பெட்டிக்காரருக்குச் சத்தியமாகத் தெரியாது. பிளாஸ்டரைக் கொஞ்சம் தேய்த்தால் போதும். ஐந்து நிமிஷ வேலை. பெட்டி திறக்கும். உறுமல்!

அரத்தைக் கையில் எடுத்தும் விட்டேன். என்ன பொழப்புடி இது? ஊர்ல இருக்கிற போலியெல்லாம் கண்டுபிடிச்சுச் சொல்ற வாயி, இப்போ நீயே ஒரு போலி செய்யப் போறியா?

கீழே வைத்துவிட்டேன். ஆனாலும் வயிறு எரிகிறது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

இவர் சாப்பாட்டை எடுத்து வைத்தார். "எப்படியும் போய்ச் சொல்லத்தான் போறே. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. சாப்பிட்டுட்டு வருத்தப்படு."

பிப்ரவரி 16

சொல்லிவிட்டேன். மென்று விழுங்கவெல்லாம் இல்லை. எழுந்து நின்று, பிளாஸ்டரைக் கையிலெடுத்து, "நான் தப்பாச் சொல்லிட்டேன். இது அரிய பல் இல்லை, கடிபட்ட பல்" என்றேன். குழிகளை ஒவ்வொருவருக்கும் காட்டினேன். பிறகு முகமூடி சேர்க்கிற அக்கா, "பூதம் பிள்ளையைக் கடிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன், பிள்ளை பூதத்தைக் கடிச்சிருக்கே!" என்று ஆரம்பித்தார். கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பாழாய்ப்போன சிரிப்பு.

பெட்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பிளாஸ்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார். "தெரிஞ்சிருக்காது சார்." "ம்" என்றார். நடு மேசை அவருக்கு. உறுமல் யாருக்கும் இல்லை.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். என் கண் ஒன்றும் அவிந்துவிடவில்லை. தப்பு பண்ணியதும் அந்தக் கண்தான், கண்டுபிடித்ததும் அந்தக் கண்தான்.

பிப்ரவரி 20

இதை இன்றே எழுதியாக வேண்டும்.

சாயங்காலம் லேபைப் பூட்டப் போகும்போது பெட்டிக்காரர் வாசலில் நிற்கிறார். கையில் போர்வை சுற்றிய ஒன்று. உள்ளே வந்து மேசையில் வைத்துப் பிரித்தார். பல்லழகன் பெட்டி! நாடா பிரியாமல்.

"மேடம், ஒரு விஷயம். வெளிய சொல்லக்கூடாது." உட்காரவே இல்லை. "சர்வீஸ்ல இருந்தப்போ பெட்டியைத் தூக்கினாலே உள்ளே என்ன இருக்குன்னு சொல்லிடுவேன். இது வாங்கின அன்னிக்கே லேசா இருந்துச்சு. உள்ளே எதுவும் இல்லையோன்னு பயம். அதான் திறக்கலை. அப்புறம் எந்தப் பெட்டியையும் திறக்க மனசு வரலை. பெருமைக்குன்னு எல்லாரும் நினைச்சாங்க. நானும் விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் சார் பந்தயம் கட்டினீங்க?"

"நீங்க ஜெயிச்சுடுவீங்கன்னு நினைச்சேன். யாராவது திறக்க வச்சாத்தான் உண்டு. இப்போ தோத்துட்டு வந்து நிக்கிறீங்க, நான் என்ன பண்ண?" பெட்டியை என் பக்கம் தள்ளினார். "உள்ளே ஒண்ணும் இல்லேன்னாலும் நீங்க இல்லேன்னுதான் சொல்லுவீங்க. அதனால உங்ககிட்ட வந்தேன்."

பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. இத்தனை வருஷம் எங்களை ஆட்டி வைத்தவர் இவர்தானா! பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"சார், நீங்க இதுவரைக்கும் ஒரு பல்லழகனைப் பெட்டியில்லாம தூக்கினதுண்டா?"

"பிரிச்ச பொம்மையை நான் தொட மாட்டேனே."

என் கடிபட்டவனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தூக்கிப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி அவனை.

"எல்லாப் பல்லழகனும் இவ்வளவுதான் சார். தகரம். உள்ளே காத்துதான்."

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மெழுகு செதுக்கும் கத்தியைச் சூடு பண்ணி நாடாவுக்கு அடியில் விட்டேன். பசை இளகிக் கொடுத்தது. கிழிசல் இல்லாமல் எடுத்தேன், என்னைவிட்டால் ஆளேது? மூடியைத் திறக்க அவரைத்தான் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு திறந்தார்.

இருந்தான். பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை. நான்கு பல்லும் பளிச்சென்று.

சாவியை நானே முறுக்கினேன். கேட்டுக்கொள்ளவே இல்லை, முறுக்கிவிட்டேன். இரண்டு அடி நடந்தான், வாயைத் திறந்தான் —

தும்மலை அடக்கினால் மூக்கில் ஒரு சத்தம் வருமே, அது! "ப்ஷீங்!"

வீடே அதிரும் உறுமலாம்! நான் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பாதி சிரிப்புத் தண்ணீர் இல்லை என்று நினைக்கிறேன்.

"இன்னொரு தடவை" என்றார்.

"துருத்தி கிழிஞ்சுடும் சார்."

"கிழியட்டும் மேடம்."

பிப்ரவரி 21

ப்ஷீங். லேபில் பல் செட்டுக்கு நடுவே நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். அந்தச் சத்தத்தை வேறு எந்தச் சத்தத்துக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஏப்ரல் 5

கண்காட்சி. நடு மேசையில் திறந்த பெட்டியும் அதன் முன்னால் பல்லழகனும். பக்கத்தில் என் கடிபட்டவன்! அவர் என்னிடம் கேட்கவே இல்லை, முந்தாநாள் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடமிருந்து வாங்கிப் போயிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல்! அட்டையில் அவர் கையெழுத்து: "நல்ல பல். ஒரு பிள்ளை சோதித்துப் பார்த்தது."

காலையிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் முறுக்கி விட்டுக்கொண்டே இருந்தார். மத்தியானம் துருத்தி கிழிந்தது. பல்லழகன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. நான்தான் ஐயோ என்று கத்தினேன். அவர் திரும்பி, "இவனும் நம்ம கூட்டத்துல சேர்ந்துட்டான்" என்றார்.

மே 18

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. மரநிழலில் பழைய சாமான் விற்கிறவரிடம் பெட்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். நாடா பிரியாத பெட்டி ஒன்று, மூடியில் சிவப்பு வெளவால் பூதம். நான் கிட்டே போவதற்குள் வாங்கிவிட்டார். சாமான்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே இருக்கிறார், பெட்டிக்காரர் கவனிக்கவேயில்லை. குனிந்து நாடாவைப் பல்லால் கடித்துப் பிய்த்துக்கொண்டிருந்தார்.