வாந்தி வராத வார்டு

மார்ச் 4

என் அக்கா பெற்ற அறிவுக்கடலே, மருமகளே,

ஆறாம் படுக்கையின் சக்கரவர்த்தி எழுதும் ஓலை. என் மண்ணீரல் வீங்குகிற வேகத்தைப் பார்த்து, அதற்கென்று தனிப் படுக்கை போடலாமா என்று டாக்டர்கள் யோசிக்கிறார்கள். ஒரு மணல் ஈ கடித்ததாம். அது இறக்கிவிட்டுப் போன ஒட்டுண்ணி உள்ளே குடியேறி, வாடகைக்குப் பதில் கருங்காய்ச்சலைக் கொடுக்கிறதாம். லட்சம் பேர் கொண்ட படையை எதிர்பார்த்த எனக்கு, கண்ணுக்கே தெரியாத ஒரு எதிரி! என்ன அவமானம்!

நீயும் உன் கூட்டாளிகளும் வருஷக்கணக்கில் உழைத்துக் கண்டுபிடித்த மாத்திரையைத்தான் இங்கே எங்களுக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். ஒரு ரகசியம் சொல்கிறேன். போனில் சொன்னால் நர்ஸம்மா காதில் விழும். அந்த மாத்திரை உள்ளே இறங்கியதும் என் குடல் எழுந்து நின்று, வாசல்வரை வந்து வழியனுப்பி வைக்கிறது. பாத்ரூமில் படகே விடலாம். ஆனால் நர்ஸம்மா வந்து, "வாந்தி இருந்துச்சா?" என்று கேட்டால், "வாந்தியா? அது எப்படி இருக்கும் சிஸ்டர்?" என்பேன். உன் மருந்துக்குக் கெட்ட பேர் வர விடுவேனா?

வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். "நம்ம பொண்ணு மருந்துய்யா, ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது." பக்கத்துப் படுக்கை லாரி டிரைவர் மட்டும் இழுத்தார்.

"அண்ணே, சிஸ்டர்கிட்ட சொல்லிடலாமே?"

"யோவ், அவ்ளோ பெரிய லாரியை அடக்குற ஆளு, ஒரு மாத்திரையை அடக்க மாட்டியா?"

விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அவரும் நம் கட்சி.

உன் புகழுக்காகக் குடலையே அர்ப்பணித்த,
மாமன்


மார்ச் 29

மாமா,

மாநாட்டுக்காக வெளியூர் போயிருந்தேன். உங்க கடிதம் இத்தனை நாளா என் மேசையில கிடந்திருக்கு. இன்னைக்குத்தான் பிரிச்சேன். படிச்ச கையோட வார்டுக்குப் போன் பண்ணேன். உங்களை எல்லாம் குணமாயிடுச்சுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்.

வாந்தி எடுத்தா உடனே இன்னொரு மாத்திரை கொடுக்கணும் மாமா. சிஸ்டர் கேட்டது அதுக்குத்தான். பாதி மருந்து சாக்கடைக்குப் போயிருக்கு. காய்ச்சல் விட்டிருக்கும், ஆனா ஒட்டுண்ணி சாகலை, பதுங்கியிருக்கு. எல்லாரையும் திரும்பக் கூப்பிடுறாங்க. உங்க வீட்டுக்கும் வண்டி வரும். தகராறு பண்ணாம ஏறுங்க.

உங்க கடிதத்தைத் தலைமை டாக்டர்கிட்ட கொடுத்துட்டேன். கொடுக்காம இருக்க முடியாது.

நல்ல பேர் வேணும்னு நான் எப்ப மாமா கேட்டேன்?

போன்ல பேசினா கத்திடுவேன். அதான் எழுதுறேன்.

உங்க அக்கா மகள்


மே 2, மறுபடியும் வார்டு

மருமகளே,

வண்டி போனபோது டிரைவர் வீட்டில் இல்லை. லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார். வழியிலேயே காய்ச்சல் திரும்பிவிட்டது. இங்கே தூக்கி வரும்போது மூக்கிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. நேற்று போய்விட்டார்.

அவர் மனைவி பிளாஸ்க்கில் மிச்சம் இருந்த டீயை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். "அண்ணே, உங்க பேச்சைச் சொல்லிச் சொல்லித்தான் வீட்ல சிரிப்பாரு. உங்களாலதான் தைரியமா இருந்தாரு" என்றாள். வாங்கிக் குடித்தேன். அவர் வாயை அடைத்ததே நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

எனக்கும் காய்ச்சல் திரும்பிவிட்டது. இனி ஊசியாம். இதயம் தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டிய மருந்தாம். "என் இதயம் யானை சைஸ், டாக்டர், நீங்க ஏணி வெச்சுத்தான் பார்க்கணும்" என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

நீ போனை எடுப்பதில்லை. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

மாமன்


மே 16

மாமா,

டிரைவர் சம்சாரத்துகிட்ட எல்லாத்தையும் சொல்லியாச்சு. நான்தான் நேர்ல போய்ச் சொன்னேன். "அந்த அண்ணனா?"ன்னு கேட்டாங்க.

ஆய்வை நிறுத்திட்டாங்க. எங்க மாத்திரை நல்லதா கெட்டதான்னு இனி யாருக்கும் தெரியப்போறதில்லை.

உங்க ஊசி ஒருநாள்கூட விட்டுப்போகாம ஏற்பாடு பண்ணியிருக்கேன். அம்மா வந்து கூட இருப்பாங்க. நான் வரல.

இனிமே எனக்கு எழுதாதீங்க. ஏணி வெச்சுப் பார்க்கணும்னு எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சுச் சிரிச்சுட்டேன் மாமா. டிரைவர் போனதைப் படிச்சு முடிச்ச அதே நிமிஷத்துல சிரிச்சுட்டேன். நீங்க எழுதிக்கிட்டே இருந்தா நான் சிரிச்சுக்கிட்டே இருப்பேன். அந்தம்மா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கோங்க.

உங்க அக்கா மகள்