எழுந்து போகும் ஏழு பேர்

அனுப்புநர்:
மலர்விழி த/பெ சின்னையா,
ஒன்பதாம் மாடிப் பிரதிநிதி,
செம்பாக்கா ஜெயா அடுக்குமாடி, கிள்ளான்.

பெறுநர்:
சங்கப் பதிவதிகாரி அவர்கள்,
சிலாங்கூர்.

பொருள்: மின்தூக்கித் தீர்மானம் மூன்று முறையும் வாக்கெடுப்புக்கே வராமல் போனது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தில் மாடிக்கு இருவராக இருபத்து நான்கு பிரதிநிதிகள். விதி 9-இன்படி, வாக்கெடுக்கும் நேரத்தில் பதினெட்டுப் பேராவது கூட்டத்தில் இருக்க வேண்டும். பிப்ரவரியில் மின்தூக்கி நின்றுபோனது. புதியது போடப் பதினேழு பேர் சம்மதம். ஆனால் வாக்கெடுப்பு என்றதும் மீதி ஏழு பேரும் எழுந்து, கீழே ஒட்டுக்கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போய்விடுகிறார்கள். பதினெட்டுக்கு ஒருவர் குறைவதால் நாங்கள் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறோம். பதினேழு பெரிதா, ஏழு பெரிதா என்று எனக்கு விளங்கவில்லை ஐயா.

2. என் கணவர் சுகுமாறனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒன்பது மாடியும் அவரை நாற்காலியோடு தூக்கித்தான் இறக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் பாதிப் படியில் மூச்சு வாங்கி, இனி வேண்டாம், வீட்டிலேயே கிடக்கிறேன் என்றார்.

3. அந்த ஏழு பேருக்கும் தலைவர் கீழ்த்தளத்து கௌஸ் அண்ணன். அங்கே வீடுகளுக்குள் கழிவுநீர் ஏறுகிறது; முதலில் அந்தக் குழாயை மாற்றச் சொல்கிறார். மூன்று ஆண்டாகக் கேட்டும் மேல்மாடிக்காரர்கள் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. மேலே நாற்றம் வருவதில்லை.

4. விதி 9-ஐ நீக்கும்படி கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த வித்தையை ஆரம்பித்ததே நான்தான். ஈராண்டுக்கு முன், வாசலில் உள்ள முனீஸ்வரர் மேடையை எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிள் நிறுத்தப் பெரும்பான்மையோர் முடிவு செய்தபோது, ஆள் திரட்டி வெளியே நடந்தவள் நான். என் பின்னால் முதலில் எழுந்து வந்தவர் கௌஸ் அண்ணன். சாமி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. விதி போனால் மறுமாதமே சாமியும் போய்விடும். விதி இருந்தால் என் கணவர் என்னாவார்? யோசித்து யோசித்துத் தலை சுற்றுகிறது.

5. ஆகவே, 29.6.2025 கூட்டத்துக்குத் தங்கள் அலுவலர் ஒருவரை அனுப்பி, இரு தரப்பையும் எழவிடாமல் உட்காரவைத்துப் பேசச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

இத்துடன் நிரப்பி அனுப்பும் புகார்ப் பாரத்தில், புகார் யார் மீது என்ற கட்டத்தில் கௌஸ் அண்ணன் பெயரை எழுதி, அப்புறம் அடித்துவிட்டேன். நேற்று என் கணவரின் நாற்காலியை ஒன்பது மாடியும் முன்னால் பிடித்து இறக்கியவர் அவர்தான்.

வழி தெரியாமல் கேட்கும்,
(ஒப்பம்)
மலர்விழி

இடம்: கிள்ளான்
நாள்: 13.6.2025