சொல்லாத ஆமென்

அக்கா,

இன்று காலை சாலை பஜாரில் நம் துணிக்கடையில் புதிதாக வந்த துப்பட்டாக் கட்டைப் பிரித்தேன். கஞ்சி வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. மேலே இருந்தது ஆகாய நீலம். ஜெபக்கூட்டத்தில் நீங்கள் நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொள்வீர்களே, அதே நிறம். விலைச்சீட்டு ஒட்டாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது.

நாம் ஒரே கடையில் வேலைக்கு நின்றோம், ஒரே சபைக்குப் போனோம். உங்களுக்கு இருபத்தொன்று, எனக்குப் பதினேழு. பத்தோடு படிப்பை நிறுத்தியவள் என்பதால் யார் முன்னாலும் வாய் திறக்க எனக்குக் கூச்சம். ஞாயிறு மதியம் கரமனையில் ஒரு வீட்டு மாடியில் பெண்பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்குச் சில வரி ஜெபிப்போம். என் முறை வந்தால் "ஸ்தோத்திரம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வேன். போதகரம்மா என் தலையைத் தடவுவார். "எவ்வளவு தாழ்மையான பிள்ளை, பாருங்க."

நீங்கள் "ஆண்டவரே, நான் ஒண்ணுமில்லாதவ, வெறும் தூசு" என்று தொடங்கினால் தெருமுனை வரை கேட்கும். ஒன்றுமில்லாதவளுக்கு இத்தனை சத்தம் எதற்கு என்று எனக்குச் சந்தேகம். கடையில் மலையாளப் பெண்களிடம், "சேச்சி, இது போல வேற எங்கயும் கிட்டாது" என்று சேலையை விரிப்பதும் இதே குரலில்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்று நாள் சேலை மடித்துக்கொண்டே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். அந்த ஞாயிறு என் முறை வந்தபோது சொன்னேன்: "ஆண்டவரே, மத்தவங்க பாக்கணும்னு சத்தமா ஜெபிக்கிறவங்களுக்குத் தாழ்மையைத் தாரும்." வாய்விட்டு நான் செய்த முதல் ஜெபம் அதுதான். நீங்கள் மட்டும் "ஆமென்" என்றீர்கள், எப்போதும்போல உரக்க.

பஸ் ஸ்டாப்புக்கு இருவரும் நடந்தோம்.

"எனக்கு இண்ணைக்குத் தாழ்மை கிடைச்சாச்சு, கேட்டியா. ஒனக்க சிபாரிசுல."

"உங்களச் சொல்லல அக்கா."

"செரி. பின்ன எதுக்குட்டி கண்ணைத் தொறந்து என்னைப் பாத்த?"

"அப்ப நீங்களும் கண்ணைத் தொறந்துதானே இருந்தீங்க?"

சிரித்துவிட்டீர்கள். "நான் எப்பவும் ஒத்தக் கண்ணைத் தொறந்துதான் வெச்சிருப்பேன். நான் முடிச்ச உடனே ஆரெல்லாம் ஆமென் சொல்லுகாங்கன்னு பாக்கணும்லா. அது எனக்க கேடு, எனக்குத் தெரியும். நீ ஒரு நாளும் சொன்னதில்ல. வாயை மூடிக்கிட்டு உள்ள என்னட்டி செய்யுத, பரீட்சைப் பேப்பர் திருத்துதியா?"

பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

மூன்றே வாரத்தில் உங்களுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. போதகரம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். "இவ ஜெபிக்கட்டும்" என்று என்னைக் காட்டினீர்கள். என்னிடம் இருந்தது ஒரே வாக்கியம்: அன்றைக்கு உங்களிடம் பொய் சொன்னேன், மன்னியுங்கள். கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். "ஸ்தோத்திரம்" என்றேன். போதகரம்மா என் தோளைத் தட்டி, "தாழ்மையான பிள்ளை" என்றார். நீங்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். அது கேலியா, மன்னிப்பா, வெறும் வலியா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் நீங்கள் இல்லை.

இப்போதும் என்னைத் தாழ்மையான பிள்ளை என்றுதான் சொல்கிறார்கள். கேட்கும்போது உள்ளே கொஞ்சம் இனிக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டேன். உங்களைச் சந்தேகப்பட்ட மனது என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. ஜெபத்தில் ஒரு சொல் எழுந்தால், இது யார் காதுக்கு என்று கேட்கிறது. சில நாள் அந்தக் கேள்வியோடே ஜெபம் முடிந்துவிடுகிறது.

ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு முன்பே தெரியும் என்பதால் அது எளிதாக இருந்தது. உங்களிடம் சொல்வதுதான் பாக்கி. அக்கா, அன்றைக்கு நான் உங்களைத்தான் சொன்னேன். உங்களுக்கு வருகிற சத்தம் எனக்கு வரவில்லை. அந்த ஆத்திரத்தைத்தான் ஜெபம் என்று ஆண்டவர் முன்னால் வைத்தேன்.

இதை எழுதியதும் மனது லேசாகிறது. அந்த லேசையும் நான் முழுக்க நம்பவில்லை.