கார்த்திகைக் கவாத்து

அத்தனாவூர், ஏலகிரி
27-10-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நம்மில் ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். இதையாவது கடைசி வரை கேட்பீர்கள்.

நம் பேச்சை நான் மறக்கவில்லை. பங்குனி முடிவதற்குள் என் அசேலியாச் செடிகள் பூத்தால் நான் இங்கேயே இருந்து நர்சரி நடத்தலாம். பூக்காவிட்டால் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் திரும்ப வேண்டும். ஹலீமா பீ மேடம் என் செக்கிங் டேபிளை அதுவரை யாருக்கும் தராமல் வைத்திருக்கிறார். எல்லாம் நினைவில் இருக்கிறது.

அறுபது செடிகளில் இருபதுக்கு இலை மஞ்சளாகிவிட்டது. நரம்பு மட்டும் பச்சை. வியாதி என்று நினைத்து ஒரு மாதம் மருந்தடித்தேன். எரிச்சலில் ஒரு தொட்டியை உதைத்ததில் என் கால் விரல்தான் வீங்கியது. கடைசியில் பார்த்தால் போர் தண்ணீரில் சுண்ணாம்பு ஜாஸ்தி. இந்தச் செடிக்கு அமில மண் வேண்டும். சுண்ணாம்பு சேர்ந்துவிட்டால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. இப்போது மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து ஊற்றுகிறேன். புதிய இலைகள் பச்சையாக வருகின்றன.

நீங்கள் பஸ்ஸில் போட்டு அனுப்பிய ரோம உர மூட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். டேனரியில் சுண்ணாம்பில் ஊறவைத்துத்தானே தோலிலிருந்து முடியை எடுக்கிறார்கள்? நம் மல்லிக்கு அது ஆகும். இதற்கு விஷம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கிளை நுனிகளில் மொட்டு வைத்திருக்கிறது. அரிசி அளவுதான். மாசியில் விரியும்.

உங்கள்
அம்பிகா

கணியம்பாடி
8-11-2024

பிரியமுள்ள மகள் அம்பிகாவுக்கு,

மூட்டை வந்து சேர்ந்தது. இறக்கும்போது கண்டக்டர், "இன்னா பெரியவரே, போன வேகத்துல திரும்பி வந்துட்ச்சு? பொண்ணு வேணாம்னுட்டாளா?" என்று பஸ்ஸே கேட்கும்படி சிரித்தான். போகட்டும். மூட்டையை நம் கொல்லைக்கே போட்டுவிட்டேன்.

முப்பது வருடமாகப் பூச்செடியோடு இருக்கிறேன். புத்தகம் படித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். கார்த்திகை பிறக்கப் போகிறது. கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தாயா? கவாத்து செய்யாத செடி காடாக வளருமே தவிரப் பூக்காது. இதற்கு மட்டும் பதில் எழுது.

மலையில் குளிர் அதிகமாம். காதை மூடிக்கொண்டு படு.

உன் அப்பா
ராமமூர்த்தி

அத்தனாவூர்
5-12-2024

அப்பா,

நேற்றுதான் குன்னூரிலிருந்து வந்தேன். நாலு நாள் நர்சரிப் பயிற்சி. கேட்டைத் திறந்ததும் வேறு யார் தோட்டத்துக்கோ வந்துவிட்டேன் என்று நினைத்தேன். அறுபது செடிகளும் முழங்கால் உயரத்தில் ஒரே அளவாக நிற்கின்றன. ஒவ்வொரு வெட்டும் சாய்வாக, கணுவுக்கு மேலே அரை விரல் விட்டு. இப்படி வெட்டும் கை எனக்குத் தெரியும். இருந்தும், தண்ணீர் ஊற்ற விட்டுப்போயிருந்த பக்கத்து வீட்டு எல்லம்மாவைக் கேட்டேன்.

"உங்கப்பாதாம்மா. நீ போன மறுநாளு வந்தாரு. ரெண்டு நாளு குனிஞ்ச தல நிமிரல. டீ குட்த்தா நின்னுகினே குட்ச்சாரு. 'நான்தான் வெட்டினேன்னு அவகிட்ட சொல்லிடாத, கொத்துக்கொத்தா பூக்கும்போது தானா தெரியட்டும். எப்படியாவது எம்பொண்ணு ஜெயிச்சிடணும்'னாரு."

மல்லி, வெட்டிய பிறகு வரும் புதுத் தளிரில் பூக்கும். அசேலியா அப்படி இல்லை அப்பா. மாசியில் விரிய வேண்டிய பூவுக்கு ஆவணியிலேயே நுனியில் மொட்டுக் கட்டிவிடும். பூத்து முடிந்த உடனே வெட்டலாம், வேறு எப்போதும் கூடாது. போன கடிதத்தில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் தப்பு. ஆனால் பதில் வராததை எப்படிச் சம்மதமாக எடுத்துக்கொண்டீர்கள்?

வெட்டிய கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி ஓரமாக அடுக்கிவைத்திருக்கிறீர்கள். அவ்வளவு ஒழுங்காக. ஒவ்வொரு நுனியிலும் மொட்டு இருக்கிறது. நேற்று வந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்பிகா

கணியம்பாடி
14-12-2024

அம்பிகா,

உன் கடிதத்தில் 'அன்புள்ள' இல்லை. கவனித்தேன்.

மொட்டு என்று நீ எழுதியிருந்தும், நுனியில் தடிப்பாக இருந்ததைத் தளிர் என்றுதான் நினைத்தேன். கிள்ளிப் பார்த்திருக்கலாம். ஆனால் நீயும் அவசரப்படாதே. மல்லியும் முதலில் மொட்டையாகத்தான் நிற்கும். நம் கொல்லையிலும் இப்போது அப்படித்தான் நிற்கிறது. நாற்பத்தைந்து நாள் பொறு. எந்தச் செடியும் வெட்டியவனை ஏமாற்றியதில்லை.

எல்லம்மாவிடம் சொல், டீ நன்றாக இருந்தது என்று.

அப்பா

அத்தனாவூர்
20-2-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாற்பத்தைந்து நாள் சொன்னீர்கள். எழுபத்தைந்துக்கு மேல் ஆகிவிட்டது. இலை செழிப்பாக இருக்கிறது, மஞ்சள் ஒன்றுகூட இல்லை. பூ இல்லை, மொட்டும் இல்லை. நேற்று பார்க்க வந்த ரிசார்ட்காரர், "இலைச் செடிங்களா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மேல் பழி போட்டுக் கெடுவைத் தள்ளிவைக்கச் சொல்லப் போவதில்லை. ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். பங்குனி முடிந்ததும் ஆம்பூர் போகிறேன்.

அம்பிகா

கணியம்பாடி
11-3-2025

பிரியமுள்ள மகளுக்கு,

நேற்று ஆம்பூர் போய் வந்தேன். கம்பெனி வாசலில் ஒரு மணி நேரம் நின்று ஹலீமா பீயைப் பார்த்தேன்.

"அம்மா, என் பொண்ணு வரமாட்டா. செடி பூக்கலன்னா அது அவ குத்தம் இல்ல. நான் தெரியாத்தனமா வெட்டிட்டேன். அவ டேபிளை வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றேன்.

"நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா? அம்பிகாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சா சந்தோஷப்படுவா" என்றேன்.

அப்போதே பில்கிஸ் என்ற பெண்ணைக் கூப்பிட்டு அந்த டேபிளில் உட்கார வைத்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன். மூன்று மாதமாகத் தூக்கமில்லை, உனக்குச் சொல்லவில்லை. இனி கெடு கிடையாது. உன் இஷ்டம்போல் அங்கேயே இரு.

உன் அப்பா
ராமமூர்த்தி

அத்தனாவூர்
17-3-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே ஹலீமா பீ மேடம் போன் செய்துவிட்டார். "இன்னாம்மா இது, உங்க அப்பா பாட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போய்ட்டாரு? அப்பாவே சொல்றாரேன்னு டேபிளைக் குடுத்துட்டேன், இனி மாத்த முடியாது" என்றார்.

உங்களிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் கம்பெனி, சனி ஞாயிறு இங்கே, நடுவில் தண்ணீருக்கு எல்லம்மா. மாசி பிறந்ததிலிருந்து யோசித்து, மேடத்திடமும் பேசி முடிவு செய்திருந்தேன். என் வாக்கும் நிற்கும், செடியும் நிற்கும். நேரில் வந்து சொல்லலாம் என்று இருந்தேன். இப்போது பூவும் இல்லை, வேலையும் இல்லை. இரண்டுமே எனக்கு நல்லது என்று நினைத்து நீங்கள் செய்தது. அதனால்தான் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

வாசலில் ஒரு மணி நேரம் நின்றீர்களே அப்பா. அந்த நேரத்தில் எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். சண்டை போட்டுக்கொண்டாவது பேசியிருப்போம்.

நான் இங்கேயே இருக்கிறேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. அந்த ரிசார்ட்டில் காலை நேரத் தோட்ட வேலை கேட்டிருக்கிறேன், தருவார்கள் போலிருக்கிறது. சாயங்காலம் என் செடிகள்.

இனி நீங்கள் எனக்காக எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் எழுதிக் கேளுங்கள். என் பதில் வரும் வரை செய்யாதீர்கள். பதிலே வராவிட்டால், வேண்டாம் என்று அர்த்தம்.

ஆவணியில் மறுபடி மொட்டுக் கட்ட வேண்டும். அதுவரை மலைக்கு வராதீர்கள். கட்டினால் எழுதுகிறேன். கட்டாவிட்டாலும் எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குங்கள்.

உங்கள்
அம்பிகா