வாய்க்காலைக் காட்டிய கை

என் தங்க வாப்பா,

ஸலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன், ஆனால் மனதில் சமாதானம் இல்லை. நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் எட்டு மாதத்தில் அந்தப் படம் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் வரி என்று சொல்லி நெல்லை அள்ளிக்கொண்டு போனதும், நம் சனங்கள் எதிர்த்துக் கலகம் செய்ததும்தான் கதை. போன சனிக்கிழமை கல்முனையில் ஒரு மண்டபத்தில் காட்டினார்கள். திரையில் உங்களைப் பார்க்கப் போகிறோம் என்று நானும் மகளும் பெருநாள் உடுப்புப் போட்டுக்கொண்டு போனோம்.

நம் சவளக்கடை வயலில் படம் பிடிக்க வந்தபோது உங்களுக்குத் தலைப்பாகை கட்டி வரம்பில் நிறுத்தினானே அந்த டைரக்டர், ஞாபகம் இருக்கிறதா? "ஐயா, தண்ணி எந்தப் பக்கத்தால வருது?" என்று கேட்டான். நீங்கள் வட்டைவிதானை. முப்பது வருடமாக ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்தவர். வாய்க்காலைக் கேட்டால் உங்களால் சும்மா இருக்க முடியுமா? "அந்தா மனே, அந்த மருத மரத்துக்கு அங்கால" என்று கையை நீட்டினீர்கள்.

படத்தில் உங்கள் குரல் இல்லை. வெள்ளைக்காரத் துரை ஒருவன், கலகக்காரர் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று கேட்கிறான். நீங்கள் சிரித்த முகத்தோடு கையை நீட்டுகிறீர்கள். அடுத்த காட்சியில் அவர்களைச் சுட்டுக் கொல்கிறார்கள். மண்டபமே உங்களை ஏசியது.

டைரக்டரை வாசலில் மறித்தேன்.

"அக்கா, இது படம்தானே. ஒருத்தன் காட்டிக் குடுக்கத்தானே வேணும்."

"வேணுமெண்டா உன்ட வாப்பாட முகத்தப் போடு!"

சிரித்துக்கொண்டே வேனில் ஏறிப் போய்விட்டான். மூன்று நாள் உம்மா ஆக்கிய சோற்றைத் தின்றவன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் துரோகியைத் தேடி நம் வயலுக்கு வந்திருக்கிறான்.

உங்கள் மேலும் கோபம்தான். எவன் வந்து கேட்டாலும் ஏன் அப்படி நம்பினீர்கள்?

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "உம்மா, மூத்தாப்பா ஏன் காட்டிக் குடுத்தார்?" அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன், வாப்பா.

அடுத்த கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் காட்டப் போகிறார்களாம். நான் போவேன். நீங்கள் வரும் இடத்தில் எழுந்து போய்த் திரையை மறைத்து, பிள்ளைகளைப் பார்த்தபடி நிற்பேன். பிடித்திழுத்து வெளியே போடட்டும். நீங்கள் நடமாடுவதைப் பார்க்க எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு காட்சிதான். அதை நானும் பார்க்கமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்